மாடியில் இருந்த பதிவேடு

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவமனை அது. வீட்டுக்குப் போனவர்கள் ஆறாவது மாதம் திரும்பி வந்து, தங்கள் நிலைமையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது.

பார்வையிட வந்த அதிகாரிகளிடம் தலைமை மருத்துவர் வரதராஜுலு கீழ்க்கூடத்தில் நின்று மார்தட்டினார். "எங்கள் பதிவேட்டில் உள்ள நூற்றிருபது பேரும் இன்று நடக்கிறார்கள்!"

தென்னையிலிருந்து விழுந்து கால் விளங்காமல் போன பாக்கியநாதன், அங்கேயே சக்கர நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பவர். தன் நாற்காலியை முன்னே உருட்டினார்.

"நடக்காதவங்களும் இருக்கோம் ஐயா."

"பதிவேட்டில் இல்லாததை நான் நம்பமாட்டேன். நடக்காத ஒருத்தன் பேரை அதில் காட்டு, பார்ப்போம்!"

"காட்டுறேன். நீங்க இந்தக் காலி நாற்காலியில உக்காந்து, எழுந்திரிக்காமப் போய் அதை எடுத்துட்டு வாங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து உருட்டினார். முதல் படியில் சக்கரம் முட்டியது. மறுபடி உருட்டினார், மறுபடி முட்டியது. அதிகாரிகள் படியைப் பார்த்தார்கள், பிறகு டாக்டரைப் பார்த்தார்கள்.

"நடக்குறவங்க மேல போய் எழுதிட்டு வந்தாங்க. நாங்க இந்தப் படியோட திரும்பிட்டோம்" என்றார் பாக்கியநாதன். "இப்போ உங்க பேரும் அதுல இருக்காது ஐயா."