அண்டை ராஜாக்களின் அழுக்கு மூட்டை

கடம்பவனம் பெரிய ராஜ்யம். அதன் வெளியுறவுக் கொள்கையால் சுற்றியுள்ள குட்டி நாடுகளுக்கு என்ன பலன் என்று மந்திரி தாண்டவராயர் மூன்று வருஷம் ஆராய்ந்தார். "எல்லோரும் நம்மோடு தோளோடு தோள் நிற்கிறார்கள்" என்று சபையில் ராஜா முன்னால் வாசித்தார்.

அரண்மனைத் துணி வெளுக்கும் மாடக்கண்ணு சிரித்துவிட்டான்.

"யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் இது பொய்யென்று காட்டு. முடியாவிட்டால் நாடு கடத்திவிடுவேன்" என்றார் மந்திரி.

மாடக்கண்ணு ஓடிப்போய், விருந்துக்கு வந்திருந்த நாலு குட்டி ராஜாக்களின் அழுக்கு மூட்டையைக் கொண்டுவந்து பிரித்தான். நாலு வேட்டியிலும் முழங்கால் பக்கம் சிவப்புக் கறை.

"தோளோடு தோள் நின்னா அழுக்கு தோள்லதானே இருக்கணும், சாமி? இது காவிக் கறை. அரண்மனையில காவி பூசின தரை உங்க அறையில மட்டும்தான்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "என்னைப் பார்க்க வருகிறவர்களை உம் அறையில் மண்டியிட வைக்கிறீரா, மந்திரி?"

மாடக்கண்ணு மூட்டையின் அடியிலிருந்து நாலு தலைப்பாகைகளை எடுத்தான். நாலிலும் நெற்றிப் பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு.

"இது யார் அறை?" என்றார் ராஜா.

"கொஞ்சம் குனிஞ்சு உங்க காலடியைப் பாருங்க, மகாராஜா."

ராஜா குனிந்தார். சிம்மாசனத்தைச் சுற்றித் தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.