நடுவுக்கு வந்த பொத்தான்

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. ஆசிரமம், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர்.

சீடர் பிச்சுமணி கூட்டுறவு சங்கமொன்றில் கிளார்க். சங்கத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. திங்கட்கிழமை செயலாளர் முன்னால் அதில் ஒரு கடிதம் அடித்து, பிரிண்ட் எடுத்துக் காட்டவேண்டும். தவறினால் பழைய ஃபைல் அறைக்கு மாற்றல். அங்கே பேச்சுத் துணைக்குக் கரையான்தான். மனுஷர் ஆடிப்போயிருந்தார்.

கையில் தடித்த நோட்டு ஒன்று. கறுப்புத் திரையில் கட்டளை அடித்த டாஸ் காலம் தொட்டு எல்லாம் அதில் இருந்தது. "இடது மூலை, கீழே, ஸ்டார்ட் பொத்தான். மேலிருந்து மூன்றாவது வரி." திரையின் முகம் மாறும்போதெல்லாம் பழையதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். ஒரு வருஷம் பொத்தானையே காணோம். திரை முழுக்கக் கலர் கட்டங்கள். அந்தப் பக்கத்தில் "கடவுளே" என்று மட்டும் எழுதியிருந்தார்.

இப்போது பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது.

"இந்தக் கம்ப்யூட்டர்காரங்க எப்பதான் டீச்சர் மாத்துறதை நிறுத்துவாங்க?" என்றார் பிச்சுமணி.

குரு ஜெசிந்தா நோட்டை வாங்கி மூடி வைத்தாள்.

"ஒரு கடிதம் அடிங்க சார்."

"நோட்டு இல்லாமலா?"

"கறுப்புத் திரை வந்த அன்னிக்கு நோட்டு இருந்துச்சா?"

"ஏது? மூணு நாள் தடுமாறித்தான் பிடிச்சேன்."

"இன்னிக்கும் தடுமாறுங்க."

அவர் அங்கே தொட்டார், இங்கே தொட்டார். வானிலை வந்தது. சீட்டாட்டம் வந்தது. ஜெசிந்தா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் கழித்து பிரிண்டர் முனகிக்கொண்டே கடிதத்தைத் தள்ளியது.

பிச்சுமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, "நடு, கீழே, பொத்தான்" என்று எழுத ஆரம்பித்தார்.

ஜெசிந்தா மௌஸைப் பிடித்து செட்டிங்க்ஸில் ஏதோ ஒன்றை மாற்றினாள். பொத்தான் நழுவி இடது மூலைக்கே போய்விட்டது.

பிச்சுமணி பேனாவைத் தூக்கியபடி திரையையே பார்த்தார்.

"அப்ப திங்கட்கிழமைக்கு நான் என்னன்னுதான் டீச்சர் எழுதிக்கிறது?"

"'எங்கயாவது இருக்கும்'னு எழுதிக்குங்க சார்."