டயருக்குக் காவல்

“மழையில வண்டி நாஞ் சொல்றதைக் கேக்க மாட்டேங்குதுங்க, அம்மணி.”

வெள்ளிங்கிரி வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார்.

கோதைநாயகி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“வெயில்ல கேக்குதுங்களா?”

“வெயில்ல கேக்குதுங்க.”

“அப்ப வெயில்ல பேசுங்ணா.”

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போகவில்லை. போக்கிடம் இருந்தால் அல்லவா போவதற்கு.

கோதைநாயகி அவரைவிட வயதில் சின்னவள். ஒரு காலத்தில் அந்தப் பழைய விமான ஓடுதளத்தில் அவளை முந்த ஆள் கிடையாது. ஒரு நாள் காரை விற்றாள். ஓடுதளத்தின் தொடக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கோயம்புத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வேகக் கார்க்காரர்கள் குறைகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அதுவும் கேட்ட கேள்விக்கு வராது.

ஓடுதளம், மூடிப்போன ஒரு நூற்பாலையின் முதலாளி சொந்த விமானம் வைத்திருந்த காலத்தில் போட்டது. முதலாளியும் இல்லை, விமானமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார்கள் ஜோடி ஜோடியாக நின்று நேர்கோட்டில் சீறும். மூச்சை இழுத்து விடுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அந்த ஒரு மூச்சுக்காக வாரம் முழுக்க உயிரை வைத்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. வெள்ளிங்கிரி அந்த ரகம். பம்புக்கு உதிரிபாகம் கடையும் பட்டறை வைத்திருந்தார். மனசு மட்டும் பட்டறையில் இருந்ததே இல்லை.

“மழையில எங்க போகோணும்?”

“வால்பாறைக்குங்க.”

“ஆரு இருக்கறாங்க?”

“என்ற சம்சாரம். சுகந்தி. எஸ்டேட் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா.”

“போக வேண்டியதுதானுங்களே.”

“மூணு தடவை கெளம்பினனுங்க. ஆழியாறு தாண்டி வளைவு ஏறினா மழை. பின்பக்கம் அப்புடியே வழுக்கிட்டுப் போகுது. ஒருக்கா தடுப்புச் சுவர்ல போய் இடிச்சிருச்சு. திரும்பி வந்துட்டேன்.”

கோதை காரின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

“நேத்துப் போன்ல சொல்லிப்போட்டா. ‘ஞாயித்துக்கிழமை பொழுதுக்குள்ள வாங்க, பேசலாம். வல்லைன்னா இனி நான் கூப்புட மாட்டேன்’னு.” அவர் டயரைக் காட்டினார். “ரெண்டுக்கும் ஆகற மாதிரி ஒரு டயர் சொல்லுங்க. இங்கயும் ஓடோணும், மேலயும் ஏறோணும்.”

கோதை எழுந்தாள். காரை ஒரு சுற்று சுற்றி வந்து பின்சக்கரத்தருகே குந்தினாள்.

பின்னால் இரண்டும் ஒட்டு டயர். டிராக் ரேடியல் என்று டயரின் பக்கவாட்டில் போட்டு வரும். நேர்கோட்டில் பறப்பதற்கென்றே செய்த டயர். ரப்பர் மெத்தென்று இருக்கும். சூடேறிவிட்டால் தரையைக் கவ்விக்கொண்டு விடாது. ஆனால் தண்ணீரைத் தள்ளிவிட அதில் ஆழமான வரிகள் கிடையாது. ஈரத்தில் சோப்புக்கட்டி. ரோட்டில் ஓட்டலாம் என்று அனுமதி வேறு உண்டு. அதுதான் வம்பு.

“இதுலயேங்களா வந்தீங்க?”

“ஆமாங்க.”

“இதுலயேதான் போவீங்களா?”

“ஆமாங்க.”

“காய்கறி வாங்க?”

“அதுக்கும் இதுதானுங்க.”

அவள் ஒரு ஸ்குரூ டிரைவரையும் காலி டப்பா ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

“பொறுக்குங்ணா.”

அவர் மண்டியிட்டு டயரில் பதிந்திருந்த கற்களை ஒவ்வொன்றாய் நெம்பி எடுத்தார். ஜல்லி, கண்ணாடிச் சில்லு, நசுங்கிய பாட்டில் மூடி, யாருடைய கொலுசிலோ உதிர்ந்த மணி. ஒட்டு டயர் போகிற வழியில் கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். சக்கர வளைவுக்குள் சடசடவென்று அடித்துக்கொண்டே வரும். பேச்சுத்துணை இல்லாத மனுசனுக்கு இப்போதெல்லாம் அந்தச் சத்தம்தான் துணை.

டப்பா பாதி நிறைந்தது.

“இதுல வால்பாறைக் கல்லு எதுங்ணா?”

அவர் டப்பாவைக் கிளறினார். பிறகு கீழே வைத்தார்.

“ஒண்ணுமில்லீங்க.”

கோதை கார் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இடப்பக்கம் இருந்த சீட்டு?”

“கழட்டிட்டனுங்க. எடை.”

“உம்” என்றாள்.

நிமிர்ந்து, “மத்தவங்கெல்லாம் இங்க எப்புடி வர்றாங்க?” என்று கேட்டாள்.

தெரிந்துகொண்டே கேட்கிறாள். இருந்தாலும் சொன்னார்.

“சாதா டயர்ல வருவாங்க. ஒட்டு டயரை இன்னொருத்தரு பின்னால வேன்ல போட்டுக் கொண்டாருவாரு. இங்க வந்து மாத்திக்கறது. ஓடி முடிச்சதும் திரும்ப சாதா டயரைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறது.”

“ஓடற நேரத்துல சாதா டயரு?”

“ஓரமா அடுக்கி வெச்சு, கொண்டாந்தவரு அதுமேல உக்காந்துக்குவாரு. இல்லீன்னா ஆராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க. டயருக்குக் காவல்.”

“உங்களுக்கு ஆரு உக்காந்தது?”

காற்றில் நூற்பாலையின் தகரக் கூரை அடித்துக்கொண்டது.

“சுகந்திதானுங்க.”

கல்யாணமான புதுசிலிருந்து அவள்தான் ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். டயர் அடுக்கின்மேல் ஒரு துண்டை விரித்து உட்காருவாள். இவர் ஓடுவார், திரும்புவார், காரை விட்டு இறங்கும்போதே, “பாத்தியா?” என்பார். “பாத்தனுங்க” என்பாள். அதோடு பேச்சு முடியும். அடுத்த ஓட்டத்துக்கு நேரமாகியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் “பாத்தியா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். டயர்கள் இருந்தன. அவற்றின்மேல் ஆம்னி சாவி இருந்தது. அவள் பஸ் ஏறிப் போயிருந்தாள்.

தெரிந்தவர் ஒருவர் ஆம்னியையும் டயர்களையும் வீடு சேர்த்தார். அதன்பிறகு வெள்ளிங்கிரி அந்த வேனைத் தொடவில்லை. டயரை மாற்றவும் இல்லை. ஒட்டு டயர் தேயத் தேயப் புதுசு வாங்கி மாட்டிக்கொண்டு, ஊரெல்லாம் அதிலேயே சுற்றினார்.

“ஞாயித்துக்கிழமை காலைல சாதா டயரைக் கொண்டாங்க” என்றாள் கோதை.

“காரும் வரோணும், வேனும் வரோணும். ரெண்டையும் ஒருத்தனே எப்புடிங்க ஓட்டறது?”

“அதைத்தானுங்ணா நானும் கேக்கறேன்.”

அவள் கையை நீட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கார் சாவியை அதில் வைத்தார்.

வீட்டுக்குப் பஸ்ஸில் போனார். பஸ் ஏறி எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வழியெல்லாம் தன் மகன் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். இறங்கும்போது அவரைப் பிரிவது வெள்ளிங்கிரிக்கு என்னவோ போலிருந்தது. பெயர்கூடக் கேட்கவில்லை.

ஆம்னியின் பேட்டரி செத்திருந்தது. புதுசு போட்டார். வேனுக்குள்ளே டயர்கள் அன்று ஏற்றிய வாக்கிலேயே கிடந்தன. முன்னால் இடப்பக்கச் சீட்டில் அவளுடைய துண்டு மடித்து வைத்திருந்தது. துண்டின் நடுவே டயர் அளவுக்கு வட்டமாகக் கறுப்பு. துவைத்துத் துவைத்துப் பார்த்திருக்கிறாள். போகவில்லை.

அவர் துண்டை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுதளத்துக்கு வந்து டயர்களை இறக்கினார்.

“மாத்திரலாமுங்களா? பொழுதுக்குள்ள நான் மேல போயாகோணும்.”

“தெரியுமுங்ணா” என்றாள் கோதை. “உக்காருங்க. டயரைப் பாத்துக்குங்க.”

அவருடைய காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்கப் போகிறாள், வந்துவிடுவாள் என்று நினைத்தார். டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து உட்கார்ந்தார். சுட்டது. எழுந்து போய்த் துண்டை எடுத்துவந்து விரித்து உட்கார்ந்தார்.

கார் போனது. பின்பக்கம் தெரிந்தது. பிறகு புகை தெரிந்தது. பிறகு சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவள் வரவில்லை.

மற்றவர்கள் ஓடினார்கள். அவர் முன்னால் குனிந்து பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். ஓடுதளம் நடுவில் லேசாக மேடேறி அந்தப்பக்கம் இறங்குகிறது. முடிவுக்கோடு மேட்டுக்கு அந்தப்பக்கம் மறைந்திருக்கிறது. இத்தனை வருஷம் ஓடியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. காருக்குள் இருப்பவனுக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

டயர்மேல் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

‘பாத்தனுங்க.’

சுகந்தி எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

வெயில் ஏறியது. அந்த வழியாகப் போனவர்கள் டயரைப் பார்த்தார்கள், அவரைப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் நின்று, “எந்த வண்டி டயருங்க?” என்று கேட்டார். சொன்னார். “அருமையான வண்டிங்க” என்று சொல்லிவிட்டுக் கேட்டவர் நடந்தார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம். போனால் டயரை யார் பார்ப்பது? உட்கார்ந்தே இருந்தார். தொண்டை வறண்டது. அவள் ஒரு நாளும் தண்ணீர் கேட்டதில்லை. இவரும் ஒரு நாளும் கொடுத்ததில்லை.

தெற்கே மலைப்பக்கம் கறுத்தது.

இத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஒருவன் இப்படித் தனியாக இருக்க முடியும் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் அழுதார்.

போன் அடித்தது.

“அண்ணா, கோதை பேசறேன். ஆழியாறு அடிவாரத்துல டீக்கடைகிட்ட வண்டிய நிறுத்தியிருக்கேன். மழை புடிச்சிருச்சு. இதுக்கு மேல இந்த வண்டி ஏறாது.”

“அங்க எதுக்குங்க போனீங்க?”

“நீங்கதானுங்ணா போகோணும்னீங்க.”

அவருக்குக் கோபம் வந்தது. பாதி நாள் போயிற்று.

“அப்ப டயரைக் கொண்டாரட்டுங்களா?”

“சாவி டீக்கடையில இருக்குது. நான் பஸ் ஏறிட்டேன்.”

“அம்மணி, டயரைக் கொண்டாரட்டுங்களானு கேட்டேன்.”

“கேட்டுச்சுங்ணா” என்றாள். போன் நின்றது.

டயர்களை வேனுக்குள் ஏற்றினார். துண்டை உதறி இடப்பக்கச் சீட்டில் வைத்தார். பொள்ளாச்சி தாண்டும்போதே தூறல் ஆரம்பித்தது. ஆழியாறு வருவதற்குள் வலுத்துவிட்டது. வழியில் இரண்டு இடத்தில் ரோட்டை மூடித் தண்ணீர் ஓடியது. பழக்கதோஷத்தில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். வேன் அதன்பாட்டுக்குப் போயிற்று. ஆம்னிக்கு நாலும் சாதா டயர். அதை அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

சக்கர வளைவில் கல் அடிக்கும் சத்தம் இல்லை. மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

டீக்கடைக்கு எதிரே புளியமரத்தடியில் கருநீலக் கார் மலையைப் பார்த்து நின்றது. அவர் வேனை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஜாக்கி வேனுக்குள்தான் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே மாற்றினாலும் பொழுதுக்குள் மேலே போய்விடலாம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

கதவைத் திறக்கப் போனவர் அப்படியே இருந்தார்.

நனைந்த கண்ணாடி வழியாகக் காரின் உட்புறம் தெரிந்தது. வலப்பக்கம் அவருடைய சீட்டு. இடப்பக்கம் வெறும் தகரத் தரை. அதில் சீட்டை முடுக்கியிருந்த நாலு ஓட்டை.

அவர் தன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். சீட்டின்மேல் துண்டு இருந்தது.

டீக்கடைக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கையில் சாவி.

“ஏனுங்க, இந்தக் காருக்காரரு நீங்கதானுங்களா? ஒரு அம்மணி இதைக் குடுத்துட்டுப் போச்சுங்க. டயர் மாத்தறதுக்கு ஆளு வேணும்னா சொல்லுங்க, பக்கத்துலயே இருக்கறாங்க. அஞ்சு நிமிசத்துல மாட்டிப்போடலாம்.”

வெள்ளிங்கிரி துண்டை எடுத்துப் பின்னால் டயர்மேல் போட்டார். கைக்குட்டையால் அந்தச் சீட்டைத் துடைத்தார்.

“வேண்டாமுங்க” என்று கியரைப் போட்டு வேனை மலைப்பக்கம் திருப்பினார். “அதுல ஒரு சீட்டுத்தானுங்க இருக்குது.”