சந்தன எண்ணெய் ஏன் தனியாக வருவதில்லை

மரமும் செடியும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஜவ்வாது மலைச் சரிவில் ஒரு சந்தன மரம் நின்றது. அப்போதெல்லாம் எண்ணெய் அதன் பட்டையிலேயே வழியும். வெட்ட வேண்டாம், காய்ச்ச வேண்டாம், கையை நீட்டினால் போதும். நீட்டாத கையே இல்லை. நமைச்சல் என்று கரடி வந்து முதுகைத் தேய்த்தது. சூட்டுக் கட்டி என்று குரங்கு வந்தது. சாமிக்குப் பூச, பிணத்துக்குப் பூச என்று மனிதர்கள் வந்தார்கள். மரம் ஓய்ந்து போனது.

அதன் காலடியில் ஓர் எள்ளுச்செடி.

"அண்ணே, உன் சரக்கு கடுமை. என் எண்ணெயில கலந்து குடு, தோலுக்கு இதமா இருக்கும்."

"நான் சந்தனம்டா. எள்ளு எதுக்கு, தாளிக்கவா?"

சித்திரை வெயிலில் சடைச்சி என்பவள் வந்தாள். சாமை மூட்டை சுமந்து சுமந்து அவள் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"எவ்வளவு பூசணும்?" என்று கேட்டாள்.

"அதையும் நான்தான் சொல்லணுமா? வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு ஆளை விடு தாயி."

இதைத் தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் அலுப்பு. நாலு வார்த்தை இழுபறி பண்ணியிருந்தால் அளவு என்று ஒன்று நடுவில் வந்து நின்றிருக்கும். அதற்குக்கூட மரத்திடம் தெம்பில்லை.

நிறையப் பூசினால் சீக்கிரம் ஆறும் என்று சடைச்சி உள்ளங்கை நிறைய வழித்துக் கழுத்தில் அப்பிக்கொண்டாள். அப்படியே வெயிலில் களத்துக்குப் போனாள். உச்சிப்பொழுதுக்குள் கழுத்து சிவந்து வீங்கி, தீயாய் எரிந்தது. அவள் புருஷன் வேடி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். எண்ணெய்மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியதே தவிர எரிச்சல் போகவில்லை. அவளைக் கைத்தாங்கலாக மரத்தடிக்குக் கூட்டி வந்தான். இன்னொரு கையில் கோடாலி.

"என் பொண்டாட்டி தோலை வேகவெச்சிட்டு வாசனையா நிக்கிறியா? பொழுது சாயறதுக்குள்ள இவ எரிச்சல் அடங்கணும். இல்லேன்னா நீ அடுப்புக்கு!"

"கேட்டா, குடுத்தேன்..." என்று மரம் இழுத்தது. முதல் வெட்டு விழுந்தது.

"எள்ளு! ஏதாவது பண்ணேன்!"

"இப்பத்தான் கண்ணுக்குத் தெரியறேனா? பண்றேன். ஆனா சும்மா இல்ல. இனி உன் எண்ணெய் தனியா யார் தோலையும் தொடக்கூடாது. ஒரு கரண்டி நல்லெண்ணெய்க்கு ஒரு சொட்டு, மிஞ்சினா ரெண்டு. கண்ணுல படக்கூடாது, வாயில ஊத்தக்கூடாது, பச்சைக் குழந்தை கிட்டவே போகக்கூடாது."

"இதையெல்லாம் வெட்டு வாங்குறப்பவா பேசணும்?"

"வேற எப்பப் பேசினா நீ ஒத்துக்குவே?"

"சரி, சரி!"

எள்ளுச்செடி காய்களை வெடித்துக் கொட்டியது. வேடி எள்ளைக் கல்லில் இடித்துப் பிழிந்தான். அந்த எண்ணெயைப் பழந்துணியில் தோய்த்து மெல்லத் துடைத்தான். தண்ணீருக்கு அசையாத சந்தன எண்ணெய், நல்லெண்ணெயோடு சேர்ந்து துணியில் வந்தது. துடைத்தான், மறுபடி துடைத்தான். வெயில் மஞ்சளான நேரத்தில் சடைச்சி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"குறையுது. இனி கோடாலியை எடுக்காதே மாமா. அளவில்லாம அப்பிக்கிட்டவ நான்." பிறகு மரத்தைப் பார்த்தாள். "ஆனா உன்னை இனி நம்பமாட்டேன். எண்ணெயில கலந்தாலும் முதல்ல முழங்கை மடிப்புல ஒரு பொட்டு. ஒரு நாள் பார்ப்பேன். தோல் சும்மா இருந்தாத்தான் மத்ததெல்லாம்."

மரம் மிச்சமிருந்த எண்ணெயை எல்லாம் பட்டையிலிருந்து உள்ளே இழுத்து, தண்டின் நடுவயிரத்தில் அடைத்துக்கொண்டது. வேண்டுகிறவன் வருஷக்கணக்கில் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டது. அப்படி இழுத்த இழுப்பில், மண்ணிலிருந்து தனியாகச் சாப்பாடு எடுக்கக்கூட அதற்குச் சக்தி இல்லாமல் போனது. மண்ணுக்குள் மெல்ல வேரை நீட்டி எள்ளின் வேரைப் பிடித்தது.

"பாரமா இருக்கே அண்ணே," என்றது எள்ளு. உதறவில்லை.

அந்தச் சாயங்காலம் தொடங்கித்தான் சந்தன மரம் பக்கத்து வேரைப் பிடித்து உயிர் வாழ்கிறது. அதன் எண்ணெயும் இன்னோர் எண்ணெயின் துணையோடுதான் மனுஷர் உடம்புக்கு வருகிறது.