வான்கோழியோடு ஆடியவள்

“வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு முதல்ல ஒரு நாற்காலி போடு. அப்புறம்…”

அப்புறம் அத்தை என்ன சொல்வாள் என்பது அன்செல்மோவுக்கு நினைவில்லை. சிகாகோவில், அடுப்படியில் நின்றபடி அவள் சொன்னது. அந்தப் பாதிப் பேச்சோடுதான் நாற்பத்தெட்டு வயதில் மெக்சிகோ மலையிலிருந்த சொந்த ஊருக்குத் திரும்பினான். பச்சிலை வைத்தியம் பார்க்கும் ஃபிதேலாவிடம் சீடனாகச் சேர்ந்தான். குரு அவனைவிடப் பத்து வயது இளையவள்.

“மீதி என்ன?” என்று கேட்டாள் ஃபிதேலா.

“மறந்துபோச்சு, மாயெஸ்த்ரா.” அங்கே குருவான பெண்ணை அப்படித்தான் அழைப்பார்கள்.

“நல்லதாப் போச்சு. முழுசும் தெரிஞ்சிருந்தா எனக்கே பாடம் எடுத்திருப்பீங்க.”

எடுத்திருப்பான்தான். சிகாகோ ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். ஸ்பானிஷில் அரைமணி நேரம் அழுதவர்களை ஆங்கிலத்தில் இரண்டே வரியில் டாக்டரிடம் ஒப்படைத்துவிடுவான்.

ஒரு வியாழக்கிழமை, ரொட்டி சுடும் ஒஃபேலியா வந்தாள். பயந்த கோளாறு.

அந்த ஊர்க் கல்யாணங்களில் பெண்ணைப் பெற்றவள் உயிருள்ள வான்கோழியைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும். போன மாதம் தங்கைக்கு முட்டிவலி என்று, தங்கை மகள் கல்யாணத்தில் ஒஃபேலியா ஆடினாள். பக்கத்தில் வாணம் வெடித்து, விழுந்தாள். அன்றிலிருந்து தூக்கமில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை. வரும் ஞாயிறு சொந்த மகளுக்குக் கல்யாணம்.

“இவங்களை நீங்களே பாருங்க,” என்றாள் ஃபிதேலா.

அவன் தனியாகப் பார்க்கும் முதல் ஆள். அந்த வைத்தியம் பேச்சில்தான் தொடங்கும்.

“அன்னிக்கு நான் மஞ்சள் பாவாடை கட்டியிருந்தேன்,” என்று ஆரம்பித்தாள் ஒஃபேலியா. “எனக்குச் சம்பந்தியா வரப்போறாளே, நாத்தின்னு பேரு, அவ அதைப் பாத்துட்டு…”

“சரிங்க. பயந்தது எப்போ?”

“வாணம் வெடிச்சப்போ. அந்த வான்கோழி இருக்கே, அது லேசுப்பட்டதில்ல தம்பி, அதுக்கு…”

“தூக்கம் போனது அன்னிக்கேவா?”

“ஆமா.”

“போதும்மா.”

பயந்தவரின் உயிர் அந்த இடத்திலேயே தங்கிவிடும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவளை அந்தக் கல்யாண முற்றத்துக்கு அழைத்துப்போனான். திருநீற்றுப்பச்சிலைக் கட்டால் தலையிலிருந்து கால்வரை தடவினான். “ஒஃபேலியா, இங்கே நிக்காதே, வா, வீட்டுக்குப் போகலாம்” என்று கூப்பிட்டான். ஒரு பிசகும் இல்லை.

மறுநாள் காலை அவள் கையிலிருந்த காபிக் கோப்பை தட்டில் தாளம் போட்டது.

“உங்க பச்சிலையைக் குத்தம் சொல்ல மாட்டேன், தம்பி,” என்றாள். “ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு அதைத்தான் மோந்துக்கிட்டிருந்தேன்.”

ஃபிதேலா எழுந்தாள். மூவரும் மறுபடி அந்த முற்றத்துக்குப் போனார்கள்.

“வான்கோழி என்ன நிறம்?” என்று கேட்டாள் ஃபிதேலா.

“கறுப்பு. மூஞ்சி மட்டும் நம்ம பாதிரியார் மாதிரி சிவப்பு.”

“கனமா?”

“கனமா? ஒரு கையில மெஸ்கால் சாராயப் பாட்டில், மறு கையில அது. நாத்திவேற, ‘இடுப்பு எங்கே, வான்கோழி எங்கேன்னே தெரியலையே’ங்கிறா!”

அடுத்த வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. நாத்தியேதான்.

“சொன்னேன், இல்லைங்கலை. அப்புறம் அது பறந்து எங்கே உக்காந்துச்சு, அதையும் சொல்லு!”

“எங்கே?” என்றாள் ஃபிதேலா.

“என் தலையில!” என்றாள் நாத்தி. “பூசைக்குன்னு பின்னின கொண்டை. கூடுன்னு நெனச்சிருச்சு!”

ஒஃபேலியா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்து, சிரிப்புக்கு நடுவே அழுதாள். “நான் விழுந்தப்போ எல்லாரும் அவளைப் பாத்துச் சிரிச்சாங்க. என்னை யாரும் பாக்கலை. செத்துட்டேனோன்னு நெனச்சேன்.”

“அப்புறம்?” என்றாள் ஃபிதேலா.

அவள் சொன்னாள். வெயில் சுவரைவிட்டு இறங்கும்வரை சொன்னாள். அதன்பிறகுதான் ஃபிதேலா பச்சிலையை எடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பித்தளை வாத்தியங்கள் ஊரையே தூக்கின. ஒஃபேலியா மஞ்சள் பாவாடை சுழல, இடுப்பில் வான்கோழியோடு ஆடினாள். பக்கத்தில் வாணம் வெடித்தது. அவள் வான்கோழியை இறுக்கிக்கொண்டு, நாத்தியின் தலையை ஒரு பார்வை பார்த்தாள். நாத்தி கொண்டையைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அன்செல்மோ குருவின் காதருகே குனிந்தான்.

“அதே இடம், மாயெஸ்த்ரா. அதே பச்சிலை. அதே பெயரைச் சொல்லித்தான் நானும் கூப்பிட்டேன்.”

“நீங்க கூப்பிட்டது தூக்கம் வராத ஒரு பொம்பளையை,” என்றாள் ஃபிதேலா. “அவதான் வந்தா.”

அந்த மழைக்காலம் முடியும்வரை பச்சிலைக் கட்டைத் தொடுவதில்லை, வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டு ‘அப்புறம்?’ என்று கேட்பது மட்டும்தான் என்று அன்செல்மோ முடிவு செய்தான்.