மூன்றாம் மதகு

அணையின் நிர்வாகத் தலைவர் பூவராகன் கொட்டும் மழையில் ஆசிரமத்துக்கு வந்தார். அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில் இருந்தது ஆசிரமம். அவருடைய குரு ஞானாம்பிகை அவரைவிடப் பத்து வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, மூன்றாம் மதகு திறக்க மாட்டேன் என்கிறது. இரண்டு நாள் தாங்கும் என்று மதகுகளைப் பராமரிக்கும் கம்பெனி அறிக்கை கொடுத்திருக்கிறது. கீழே நாலு ஊர். அறிக்கையை ஏற்பதா, வேண்டாமா?"

"உங்கள் பொறியாளர்கள் என்ன சொல்கிறார்கள்?"

"யாரும் இல்லை. ஆறு பேர் இருந்தார்கள். வரம்புக்கு மேல் சம்பளம் தர அரசு விதி இடம் கொடுக்கவில்லை. கம்பெனி இரண்டு மடங்கு தந்தது, போய்விட்டார்கள். இப்போது அந்தக் கம்பெனியிடம்தான் வேலையைக் கொடுத்திருக்கிறோம்."

"கம்பெனிக்குக் கொடுப்பதற்கு வரம்பு உண்டா?"

"இல்லை. அது சம்பளம் இல்லையே, ஒப்பந்தம்."

ஞானாம்பிகை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பூவராகன் பின்னாலேயே போனார்.

மதகருகே தேவசகாயம் நின்றிருந்தார். போன ஆறு பேரில் ஒருவர். பழைய அதிகாரியைப் பார்த்ததும், "வாங்க சார்" என்றார்.

"இரண்டு நாள் தாங்குமா?" என்று கேட்டார் ஞானாம்பிகை.

"அறிக்கையில அப்படித்தான் இருக்கும்மா."

"நீங்கள் இன்னும் இவர் அலுவலகத்தில் இருந்தால்?"

"எழுதினவனை எதிரே உட்கார வைச்சுப் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன்."

"என்ன கேள்வி?" பூவராகன் பதறினார்.

"வெளியே பேச மாட்டேன்னு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன் சார்." தேவசகாயம் தண்ணீரைப் பார்த்தார். "எங்கம்மா கீழூர்லதான் இருந்தாங்க. நேத்து மேட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

பூவராகன் அங்கேயே தொலைபேசியை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் நாலு ஊர்களும் காலியாகின. ஆசிரமத்தில் இருந்தவர்களும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

மறுநாள் மதியம் மதகு பெயர்ந்தது. வீடுகள் போயின. உயிர்ச்சேதம் இல்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் ஞானாம்பிகை பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். பூவராகன் வந்து நின்றார். இரண்டு நாளாக அவர் தூங்கவில்லை.

"இனி இப்படி நடக்காது அம்மா. இந்தக் கம்பெனியின் அறிக்கைகளைச் சரிபார்க்க இன்னொரு கம்பெனியை அமர்த்த உத்தரவு வாங்கிவிட்டேன்."

"நல்லது" என்றார் ஞானாம்பிகை. "இரண்டு அறிக்கையும் வேறு வேறாக இருந்தால், உங்கள் அலுவலகத்தில் அதைப் படிக்கப் போவது யார்?"