இன்ஸ்பெக்டரின் ஆங்கில உரை

பாராட்டு விழாவில் வாசிக்க, தன் பழைய வீரச் செயல்களை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி ஸ்டேஷன் ரைட்டர் இருளப்பனுக்கு உத்தரவிட்டார்.

"ஒவ்வொரு சம்பவமும் வேற மாதிரி ஆரம்பிக்கணும்யா. இல்லேன்னா தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்."

இருளப்பன் 'ஒன் டே', 'லாஸ்ட் இயர்' என்று விதவிதமாக ஆரம்பித்து எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதை மேடையில்தான் முதன்முதலாகப் பிரித்து வாசித்தார். கொள்ளையனைத் தனியாளாக மடக்கிய சம்பவம் 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்று தொடங்கியது. கூட்டம் சிரித்தது.

"இது மட்டும் ஏன் குழந்தைக் கதை மாதிரி ஆரம்பிக்குது?" என்றார் விழாவுக்குத் தலைமை தாங்கிய எஸ்.பி.

"ரைட்டர் தப்பா எழுதிட்டான் சார்."

இருளப்பன் எழுந்தார். "ஐயா நிஜமா செஞ்சதுக்கெல்லாம் 'ஒன் டே', 'லாஸ்ட் இயர்'னு போட்டேங்கய்யா. இது நடந்தப்போ ஐயா மச்சினன் கல்யாணத்துக்கு லீவுல போயிருந்தார். கொள்ளையனைப் பிடிச்சது மீன் மார்க்கெட் பெண்கள்."

எஸ்.பி. இன்ஸ்பெக்டரின் கழுத்திலிருந்த மாலையைப் பார்த்தார்.

"ரைட்டர் இதே ஸ்டேஷன்ல இருக்கட்டும். அந்தப் பெண்களைக் கூப்பிடுங்க, மாலை வாடுறதுக்குள்ள."